அன்றாட வாழ்வில் விசுவாசத்தைப் பகிர்வது: அன்பியங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறேன். அன்பியக் கூட்டம் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு), பெற்றோர் கூட்டம், பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும் நேரம் என்று எங்கே போனாலும் இந்தச் சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில், சங்கடமானவை பின்னால்.

நான் ஃபாதரும் இல்ல, சிஸ்டரும் இல்ல. வேதத்தைச் சொல்லுறது என் வேலையா?

ஆமாம். இது குருப்பட்டத்தோடு வரும் கடமை அல்ல, திருமுழுக்கோடு (ஞானஸ்நானத்தோடு) வருவது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் (குருவோ துறவியோ அல்லாதவர்களின்) திருத்தூதுப் பணிக்கென்றே 1965-ல் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 225-ஆம் எண் இதை உரிமை என்றும் கடமை என்றும் சொல்கிறது. பொதுநிலையினர் வழியாக மட்டுமே மக்கள் நற்செய்தியைக் கேட்க முடிகிற இடங்களில் அந்தக் கடமை இன்னும் கூடுகிறது என்றும் சொல்கிறது. உங்கள் பங்குத்தந்தை உங்கள் ஆபீசுக்குள் வரப்போவதில்லை. மீன் ஏலம் போடும் இடத்துக்கும், முந்திரி ஆலைக்கும், பிள்ளையின் பள்ளி வாசலுக்கும் தினமும் போகிறவர் நீங்கள்தான்.

இதற்குச் சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. 1712-ல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டனுக்கு விசுவாசத்தை முதலில் எடுத்துச் சொன்னவர் குருவானவர் அல்ல, ஒரு படைவீரர். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுத் தளபதி டிலனாய்தான் அவர். இருவரும் ஒரே அரசரிடம் வேலை பார்த்தவர்கள். வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து நீலகண்டன் மனம் உடைந்திருந்த நேரத்தில், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். பிறகு வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குருவிடம் அனுப்பி வைத்தார். 1745-ல் அங்கே திருமுழுக்கு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனித தேவசகாயம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார்.

இந்த வரலாற்றில் நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்வது அதன் வரிசையை. கூட வேலை பார்ப்பவரின் கஷ்டம் டிலனாய் கண்ணில் பட்டது. உட்கார்ந்து கேட்டார். அதற்குப் பிறகுதான் வேதம் வந்தது, அதுவும் அந்தக் கஷ்டத்துக்குப் பொருத்தமான பக்கம். கீழே பல பதில்களில் இந்த வரிசைக்கே திரும்பி வருவேன்.

எனக்கு பைபிள் அவ்வளவா தெரியாது. யாராவது கேட்டா என்னத்த சொல்ல?

தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு 'தெரியல, விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடி விசாரித்துக்கொண்டு திரும்பவும் போங்கள். யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதரைப் பரிசேயர்கள் குடைந்து குடைந்து கேட்டபோது, தான் பார்வையற்று இருந்ததும் இப்போது பார்ப்பதும் மட்டுமே தனக்குத் தெரியும் என்றார். அதற்குமேல் அவரிடம் வாதம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அதற்காகப் படிக்காமலே இருந்துவிடக் கூடாது. மாற்கு நற்செய்தி 16 அதிகாரம்தான். ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். நம்மில் பலர் பூசையில் துண்டு துண்டாகக் கேட்டிருப்போம், ஒரு நற்செய்தியைக்கூட முதலிலிருந்து கடைசி வரை படித்திருக்க மாட்டோம். படித்தவர்களுக்குப் பேச்சிலேயே ஒரு தெளிவு வந்துவிடுகிறது. உறுதிப்பூசுதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கிறேன்.

பெரிசா ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே செய்யற மாதிரி சின்னதா ஒண்ணு சொல்லுங்க.

'உங்களுக்காக வேண்டிக்கிறேன்' என்று யாரிடமாவது சொன்னால், உண்மையிலேயே வேண்டுங்கள். தொடங்க இது ஒன்று போதும்.

எங்கள் அன்பியத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா இருக்கிறார். அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வேறொரு பட்டியல் வைத்திருப்பார். 'மூணாவது வீட்டு அம்மா, கண் ஆபரேஷன், செவ்வாய்' என்று ஒரு வரி. 'டீச்சர் மகன், நீட் பரீட்சை' என்று இன்னொன்று. ராத்திரி செபமாலைக்கு உட்காரும்போது அந்த நோட்டும் பக்கத்தில் இருக்கும். புதன்கிழமை அந்த அம்மா வீட்டுப் படியேறி, 'கண்ணு எப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டு வருவார். அந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களும்தான். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. 'எனக்கும் எழுதி வைங்கக்கா' என்று அவர்களே கேட்கிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்பதைத்தான் நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையின் 128-ஆம் பத்தியும் இதே வரிசையைச் சொல்கிறது. முதலில் அடுத்தவர் தன் மகிழ்ச்சியையும் கவலையையும் பேசட்டும், அதன் பிறகே கடவுளின் வார்த்தை.

ஆபீஸ் கேன்டீன்ல சிலுவை போட்டு சாப்பிடக் கூச்சமா இருக்கு. போடாம சாப்பிட்டா பாவமா?

பாவம் இல்லை. வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சிலுவை அடையாளம் போடுகிறவர் என்றால் கேன்டீனிலும் அதே அளவில் போடுங்கள். பெரிதாகவும் வேண்டாம், சட்டைப் பொத்தானைத் தொடுவதுபோல் ஒளித்தும் வேண்டாம். திங்கட்கிழமை 'சண்டே என்ன பண்ணுனீங்க?' என்று கேட்டால், 'காலையில பூசை, சாயங்காலம் சினிமா' என்று உள்ளபடி சொல்லுங்கள்.

ஆனால் ஆபீசில் உங்கள் விசுவாசத்தை ஜனங்கள் பார்க்கும் இடம் சாப்பாட்டு மேசை அல்ல. ஞாயிறன்று பீடத்தில் நின்று வாசகம் வாசித்தவர், திங்களன்று ஃபைலை நகர்த்தப் பணம் கேட்டால், அந்த ஆபீசில் வேறு எந்தக் கத்தோலிக்கர் பேசுவதையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இன்றைய மனிதர் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே செவிகொடுக்கிறார் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-லேயே எழுதினார். கடன் வாங்கினால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பது, துப்புரவுப் பணியாளரைப் பெயர் சொல்லி மரியாதையாக அழைப்பது, இல்லாதவரைப் பற்றிப் புறணி பேசாமல் எழுந்து போவது, இவை எல்லாமே அதில் சேரும்.

வீட்டிலேயே குடும்ப ஜெபம் நடக்கமாட்டேங்குது. இதுல வெளிய போய் என்ன சொல்ல?

வீட்டிலிருந்தே தொடங்குங்கள், பிள்ளைகளை முன்னால் விட்டுத் தொடங்குங்கள். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தமிழைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். செபங்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அனுப்பினார். ஊர் ஊராக விசுவாசம் வேர் பிடித்ததில் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

முழுச் செபமாலையும் மன்றாட்டும் சேர்த்து அரைமணி நேரம் என்றால் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும், பெரிய பிள்ளைகள் எரிச்சல்படும். செபமாலையில் பத்து மணிகள் மட்டும் சொல்லுங்கள். கடைக்குட்டி சொல்லிக்கொடுக்கட்டும். முடிவில் ஒவ்வொருவரும் அன்று தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லி வேண்டட்டும். 'கணக்கு டீச்சர் திட்டுனாங்க' என்பதும் மன்றாட்டுதான். மாதாவுக்குரிய மே மாதமும் அக்டோபரும் வரும்போது ஐந்து பத்துகளுக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

பையன் காலேஜ் போனதும் பூசைக்கு வர்றதையே நிறுத்திட்டான். அவன்கிட்ட எப்படிப் பேச?

சண்டை போட்டு இழுத்து வந்தால் உடம்பு மட்டும்தான் வரும். ஒரு தடவை, கோபமில்லாத ஒரு நேரத்தில், 'உனக்கு எதுல நம்பிக்கை போச்சு?' என்று கேளுங்கள், இடையில் பேசாமல் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அறிவியல் சந்தேகம், சிலருக்கு ஊர்க் கோவிலில் நடந்த ஒரு சண்டை மனதில் தைத்திருக்கும், சிலருக்கு வெறும் தூக்கம். மூன்றுக்கும் ஒரே பதில் இல்லை. சந்தேகம் என்றால் அதைப் பேசத் தெரிந்த ஒரு குருவிடமோ பெரியவரிடமோ சேர்த்து வையுங்கள்.

புனித மோனிக்கா மகன் அகுஸ்தீனுக்காகப் பல ஆண்டுகள் அழுது வேண்டினார். ஆனால் 387-ல் மிலானில் அவர் திருமுழுக்குப் பெறுவதற்கு முன், அவரது கேள்விகளுக்கு ஈடுகொடுத்துப் பேசக்கூடிய அம்புரோஸ் என்ற ஆயரும் (பிஷப்பும்) தேவைப்பட்டார். உங்கள் பங்குக்கு நீங்கள் பூசையை விடாதீர்கள். அவன் வராத ஞாயிறும் அவனுக்குச் சோறு அதே அன்போடு பரிமாறுங்கள்.

படுக்கையில கிடக்கேன். வெளிய போக முடியாது. நான் என்னத்த செய்ய?

மறைபரப்பு நாடுகளுக்கெல்லாம் பாதுகாவலியாகத் திருச்சபை 1927-ல் அறிவித்தது குழந்தை தெரேசாளை. கார்மேல் மடத்துக்குள் போன பிறகு வெளியே வராமல், 24 வயதில் காசநோயில் இறந்தவர் அவர். மறைப்பணியாளர்களுக்காகச் செபிப்பதும் அவர்களுக்குக் கடிதம் எழுதுவதும்தான் அவர் செய்த மறைபரப்பு. உங்களைப் பார்க்க வருகிறவர்கள், ஊசி போட வரும் நர்ஸ், பால் ஊற்றும் தம்பி, இவர்கள் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு வேண்டுங்கள். நற்கருணை கொண்டுவரும் நாளில் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கல்ஃப்ல இருக்கேன். பக்கத்துல கோவிலே இல்ல. இங்க எப்படி?

முதலில் அந்த நாட்டுச் சட்டத்தை மதியுங்கள். பிற மதத்தாரிடம் மதம் பேசுவது குற்றமாக இருக்கும் நாடுகளில் அதைச் செய்து உங்களையும் கூட இருப்பவர்களையும் ஆபத்தில் தள்ள வேண்டியதில்லை. நம்மவர்களே ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது அங்கே முதல் பணி. புதிதாக வந்த பையன் சம்பளம் வராமல் தவித்தால் அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு, ஞாயிறு வாசகத்தை அறையில் சேர்ந்து படிப்பது, ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் கூட உட்காருவது.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்கள் இதைத் தலைமுறைக் கணக்கில் செய்திருக்கிறார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் ரகசியமாக வந்து சேரும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள், மூப்பர்களும், மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த அண்ணாவிமாரும், குடும்பத்துப் பெரியவர்களும்தான் செபங்களைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். பிச்சைக்காரர் கோலத்தில் வந்த அவர், கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதைப் பார்த்து முகம் மலர்ந்தவர்கள் யார் என்று கவனித்தே நம்மவர்களைக் கண்டுபிடித்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கிறிஸ்துமஸ், ஊர்த் திருவிழாவுக்கு மத்த மதத்துக்காரங்களைக் கூப்பிடலாமா?

கட்டாயம் கூப்பிடுங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வரும் கூட்டத்தில் பாதிப் பேரின் மதத்தை யாரும் கேட்பதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழாவிலும் அப்படித்தான். திருவிழா என்பது ஏற்கெனவே திறந்து கிடக்கும் வாசல்.

குடில் வைக்கும் வீடுகளுக்கு ஒரு யோசனை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குடிலைப் பார்க்க வருவார்கள், நாம் கேக்கைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். உங்கள் பிள்ளையிடம் சொல்லி, குடிலில் இருப்பவர்கள் யார் யார் என்று அவர்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். ஏன் மாட்டுத்தொழுவம், ஏன் இடையர்கள் முதலில் வந்தார்கள், அந்த நட்சத்திரம் யாரைக் கூட்டி வந்தது என்று. ஏழைக் குடும்பத்துக்கு ஊரில் இடம் கிடைக்காத கதை எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

என் இந்துத் தோழி பூசைக்கு வர்றேன்னு சொல்றா. நன்மை வாங்கலாமா?

பூசைக்கு வரலாம், நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது. இதை வரிசையில் நிற்கும்போது காதில் சொல்லாமல் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். 'இது எங்களுக்கு ஆண்டவருடைய உடல். திருமுழுக்கு வாங்கி, அதை விசுவசிச்சு, தயார்பண்ணி வாங்குறது. நீ என் பக்கத்துல உட்கார்ந்திரு' என்றால் எந்தத் தோழியும் வருத்தப்பட மாட்டாள். முதல் தடவை வருகிறவருக்கு எப்போது எழுவது, எப்போது முழங்காலிடுவது என்று தெரியாது. பின்வரிசையில் உட்காருங்கள்.

அவங்க பிரசாதம் கொடுத்தா வாங்கலாமா?

தீபாவளிப் பலகாரம், பொங்கல், கல்யாண வீட்டுச் சாப்பாடு, இதிலெல்லாம் கேள்வியே இல்லை. பல பங்குகளில் நாமே கோவில் வளாகத்தில் பொங்கல் வைக்கிறோம். வழிபாட்டில் படைத்தது என்று சொல்லித் தருவதைப் பற்றிப் பவுலடியார் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் பேசுகிறார். சிலை என்பது ஒன்றுமில்லை என்பதால் உணவுக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அடுத்தவர் மனச்சான்று குழம்பும் என்றால் விட்டுவிடுங்கள் என்பது அவர் சொல்வதன் சாரம்.

வழிபாடாகப் பங்கெடுப்பது நமக்கு ஆகாது. அதற்காக முகத்தில் அடித்த மாதிரி மறுக்கவும் வேண்டாம். 'எங்க வழக்கத்துல பிரசாதம் எடுக்குறதில்லக்கா, ரெண்டு முறுக்கு குடுங்க' என்று சொன்னால் போதும். மறுக்கும் முறையிலும் நம் விசுவாசம் தெரியும்.

பெந்தெகோஸ்தேக்காரங்க பஸ் ஸ்டாண்டுல நின்னு தைரியமாப் பேசுறாங்க. நாம ஏன் பேசறதில்ல?

அவர்களுடைய தைரியத்தையும் வேதப் பரிச்சயத்தையும் மதிக்கிறேன். அதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. பொது இடத்தில் பேசுவது நமக்குத் தடையும் இல்லை. ஆனால் பிற மதத்தாரின் தெய்வங்களைச் சாத்தான் என்று பேசுவது, நோயாளியிடம் 'உனக்கு விசுவாசம் போதாது' என்று சொல்வது, இவற்றை யார் செய்தாலும் நாம் பின்பற்றக் கூடாது. விளக்கம் கேட்பவருக்குப் பணிவோடும் மரியாதையோடும் பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் சொல்லியிருக்கிறது.

தினமும் குரூப்ல வசனம் போடறேன். அது போதாதா?

நல்லதுதான், போதாது. காலையில் வரும் படத்தில் பாதியை யாரும் திறப்பதில்லை. ஐம்பது பேருக்கு ஒரே படம் அனுப்புவதைவிட, மகனை இழந்த ஒருவருக்கு நீங்களே தட்டச்சு செய்த இரண்டு வரி பெரிது. உறுதிப்படுத்தாத 'அற்புதம்' செய்திகளையும், 'பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்' வகையையும் அனுப்பாதீர்கள். பொய் என்று தெரியவந்தால் அடுத்து நீங்கள் சொல்லும் வசனத்துக்கும் மதிப்பு போய்விடும். கமெண்ட்டில் சண்டை வேண்டாம்.

2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான கார்லோ அகுதிஸ், 2006-ல் 15 வயதில் இறந்த இத்தாலியப் பையன். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் செய்ததற்காக அவரைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் அவர் வீட்டில் வேலை பார்த்த, மொரீசியஸைச் சேர்ந்த ஓர் இந்து திருமுழுக்குப் பெற்றது, கூடவே இருந்து பார்த்த கார்லோவின் வாழ்க்கையால்.

ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். நோயாளிகிட்ட ஜெபம் பண்ணவான்னு கேக்கலாமா?

சீருடையில் இருக்கும்போது நீங்கள் அதிகாரத்தில் இருப்பவர். படுத்திருப்பவர் உங்களைச் சார்ந்தவர். 'வேண்டாம்' என்று சொன்னால் கவனிப்பு குறையுமோ என்று அவர் பயப்பட இடம் இருக்கிறது. அதனால் நீங்களாகத் தொடங்காதீர்கள். மனதுக்குள் வேண்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவரே 'எனக்காக வேண்டிக்கோ சிஸ்டர்' என்றால் கையைப் பிடித்துச் சுருக்கமாக வேண்டுங்கள். கத்தோலிக்க நோயாளி என்றால், நினைவு தப்பும்வரை காத்திராமல் குருவானவரை அழைக்க வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் கடைசி நிமிடத்தில்தான் ஓடுகிறார்கள்.

சாகும் தறுவாயில் திருமுழுக்கு பற்றியும் நர்ஸுகள் கேட்பார்கள். அவசர நிலையில், திருச்சபையின் எண்ணப்படி செய்யும் யாரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, 'தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். பெரியவர் என்றால் அவரே விரும்பிக் கேட்டிருக்க வேண்டும். வேற்று மதக் குடும்பத்துக் குழந்தைக்கு, நினைவில்லாத நோயாளிக்கு, யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கொடுத்தால் பங்குத்தந்தைக்குத் தெரிவியுங்கள்.

இதெல்லாம் மதமாற்றம் ஆகாதா? சட்டப் பிரச்சனை வருமா?

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்புவது என்றால் நம் கொள்கையை எடுத்துச் சொல்வது, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் இல்லை என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒடிசா (1967), மத்தியப் பிரதேசம் (1968) தொடங்கி உத்தரப் பிரதேசம் (2021) வரை பல மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உள்ளன. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் விசாரித்துக்கொள்ள வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது 28-ஆம் பிரிவு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பறையில் இதை மீறக் கூடாது.

சட்டம் இல்லாவிட்டாலும் நமக்கு இதே எல்லைதான். யாரையும் மனச்சான்றுக்கு விரோதமாக விசுவாசத்துக்குள் தள்ளக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 748 சொல்கிறது. ஃபீஸ் கட்டுகிறேன், வேலை வாங்கித் தருகிறேன், கோவிலுக்கு வா என்பது பாவம். உதவி தேவையா, எந்த நிபந்தனையும் இல்லாமல் செய்யுங்கள். 1833-ல் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை இன்றும் நம் பங்குகளில் ஏழை வீடுகளுக்குப் போகிறது. அரிசி கொடுக்கும்போது மதம் கேட்பதில்லை.

ஒருத்தர் உண்மையிலேயே 'நான் வேதத்துல சேரணும்'னு சொன்னா?

சந்தோஷப்படுங்கள், அவசரப்படாதீர்கள். பங்குத்தந்தையிடம் கூட்டிப் போங்கள், டிலனாய் செய்தது அதைத்தான். பெரியவர்களுக்குத் திருமுழுக்கு ஆயத்தநிலை என்று ஒரு காலம் உண்டு. கற்றுக்கொண்டு, பூசைக்கு வந்து பழகி, தவக்காலத்துச் சடங்குகளைக் கடந்து, வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பு இரவில் (ஈஸ்டருக்கு முந்தின இரவில்) திருமுழுக்கு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலிருந்து வருபவருக்கு மறுபடி திருமுழுக்கு கிடையாது.

அவர் இழக்கக்கூடியதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் எதிர்ப்பு வரலாம். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானதும் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். இது அநீதி என்று திருச்சபை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. ஆனால் முடிவெடுப்பவர் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். காதல் கல்யாணத்துக்காக மட்டும் என்றால், மாறாமலே கலப்புத் திருமணத்துக்கு ஆயரின் அனுமதியோடு வழி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

'உங்க சபையிலயே சாதி பாக்குறீங்களே'ன்னு முகத்துக்கு நேரா கேட்டுட்டாங்க. என்ன பதில்?

'ஆமாம், உண்மை, அது பாவம்.' இதிலிருந்து தொடங்காத எந்தப் பதிலையும் கேட்டவர் நம்ப மாட்டார். தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில்தான், 19-ஆம் நூற்றாண்டில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து, நடுவே தடுப்போடு கோவில் கட்டினார்கள். 1910-ல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. மனத்தடுப்புகள் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்திலும், சப்பரம் தூக்குவதிலும், திருவிழா வரி வாங்குவதிலும் இன்னும் நிற்கின்றன. தேவசகாயம் எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதற்காகவும் வெறுக்கப்பட்டவர். அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும்போது பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை வத்திக்கான் எடுத்துவிட்டது.

அடுத்தபடியாக, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். பங்குப் பேரவையில் பேசினீர்களா, உங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் முதல் கேள்வி எதுவாக இருந்தது என்பவைதான் அதற்குப் பதில். தலித் கத்தோலிக்கர்கள் இத்தனை அவமானத்துக்குப் பிறகும் கிறிஸ்துவை விடாமல் இருப்பதைப் போன்ற விசுவாசச் சாட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்கள் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும்.

சாமியார்கள் செஞ்ச தப்பைக் காட்டி கேலி பண்றாங்க. எப்படிச் சமாளிக்க?

சமாளிக்க வேண்டாம். குழந்தைகளுக்குக் கேடு நடந்திருந்தால் நம் முதல் அக்கறை அந்தக் குழந்தை, சபையின் பெயர் அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்ல வேண்டும். மறைப்பது குற்றம். குருக்களும் துறவியரும் இதைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதை 2019-ல் திருத்தந்தை பிரான்சிஸும் கட்டாயமாக்கினார். 'மத்த மதத்துலயும் நடக்குதே' என்று மட்டும் சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இத்தனை வருஷம் பழகியாச்சு. ஒருத்தர்கூட மாறலையே. இதுல என்ன பலன்?

புனித சார்லஸ் தெ ஃபூக்கோ 1905 முதல் அல்ஜீரியப் பாலைவனத்தில் தமன்ராசெட் என்ற ஊரில் துவாரெக் முஸ்லிம்கள் நடுவே வாழ்ந்தார். அவர்கள் மொழியைக் கற்றார், அகராதி தொகுத்தார், அவர்கள் பாடல்களை எழுதி வைத்தார். 1908-ல் அவர் நோயில் விழுந்தபோது, பஞ்ச காலத்திலும் அந்த ஜனங்கள் தேடித் திரட்டிய ஆட்டுப்பால்தான் அவரைப் பிழைக்க வைத்தது. 1916-ல் சுட்டுக் கொல்லப்படும்வரை, அவர் வகுத்த ஒழுங்கின்படி வாழ ஒரு துணைவர்கூட நிலைத்து நிற்கவில்லை. இன்று பல நாடுகளில் இருக்கும் அவரது ஆன்மிகக் குடும்பங்கள் பெரும்பாலும் அவர் இறந்த பிறகு தொடங்கியவை.

உங்கள் நண்பர் மாறவில்லை என்பதற்காக விலகிவிடாதீர்கள். விலகினால், இத்தனை வருஷம் காட்டிய நட்பே அதற்காகத்தான் என்று அவர் நினைப்பார், அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கும். அவர் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் வேலை செய்யுங்கள். அவர் அம்மா பெயர் உங்கள் நோட்டில் இருந்தால், அதை அடிக்காதீர்கள்.